கொளுத்தும் கோடையில் வீடும் தோட்டமும்: எல்லாமே நேரக் கணக்குதான்

பல வருடங்களாகக் கோடையில் நான் செய்து வந்தது ஒரே தப்புதான். மதியம் இரண்டு மணிக்கு வெக்கை தாங்காமல் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவேன், அப்படியே தோட்டத்தை எட்டிப் பார்த்தால் செடியெல்லாம் தலை தொங்கிக் கிடக்கும், பதறிப்போய் ஹோஸைப் பிடித்துக்கொண்டு வெயிலில் போய் நிற்பேன். வீடு இன்னும் சூடாகும். செடி மறுநாளும் அதே மாதிரி தொங்கும். எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அதை வாங்கலாமா, இதை மாட்டலாமா என்று ஒரு காலம் அலைந்த பிறகுதான் புரிந்தது, இதில் முக்கால்வாசி நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். மதியம் இரண்டு மணிக்கு வரும் பிரச்சினையைக் காலை ஆறு மணிக்கே தீர்த்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் வீடு, பிறகு உடம்பு, அப்புறம் தோட்டம் என்று போகிறேன். தோட்டப் பகுதி நீளம்தான், ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுப்பது அங்கேதான் அதிகம்.

படி 1: இரண்டு தெர்மாமீட்டர் மாட்டுங்கள்

சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். ஒன்று நீங்கள் அதிகம் புழங்கும் அறையில், இன்னொன்று வெளியே, வெயில் துளியும் படாத நிழலில். நேரடி வெயிலில் மாட்டினால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். விதி ஒன்றே ஒன்று: வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிடக் குறைவாகக் காட்டினால் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கூடிவிட்டால் மூடிவிடுங்கள்.

கேட்க எளிதாக இருக்கிறதே தவிர, இதைச் செய்ய மனசு வராது. "கொஞ்சம் காற்றாவது வரட்டும்" என்று கை தானாக ஜன்னலுக்குப் போகும். வெளியே 38 டிகிரி, உள்ளே 31 என்றால் அந்த ஜன்னல் வழியாக வருவது அடுப்புக் காற்று. சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில் என்றாலும், காற்று அதிகம் சூடாவது பெரும்பாலும் மதியம் இரண்டு முதல் நான்கு மணிக்குள். சுவரும் கூரையும் அதற்கும் பிந்தி. அதனால்தான் சில வீடுகளில் பகலைவிட இரவு ஒன்பது மணிக்கு அதிகமாகப் புழுங்குகிறது. காங்க்ரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த சூட்டை அப்போதுதான் கக்க ஆரம்பித்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு, அறைக்குள் பகலில் 32 டிகிரிக்குள்ளும் இரவில் 24 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது. எல்லா வீட்டிலும் இது நடக்காது, எனக்கும் நடப்பதில்லை. ஆனால் வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் எந்த அறையில் படுக்க வேண்டும் என்று முடிவு செய்ய இந்த எண்கள் உதவும். வீட்டிலேயே எந்த அறை குறைவாகச் சூடாகிறது என்று ஒரு வாரம் தெர்மாமீட்டரை அறை அறையாக மாற்றி வைத்துப் பாருங்கள், நீங்கள் நினைத்த அறையாக அது பெரும்பாலும் இருக்காது. மாடி வீடு என்றால் கீழ்த்தளம்தான் ஜெயிக்கும்.

படி 2: இரவுக் குளிர்ச்சியைப் பிடித்து வைப்பது

வெளிச் சூடு உள்ளே இருப்பதைவிடக் குறைந்த நிமிடத்திலிருந்து எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைத் திறங்கள். ஒரே பக்கத்தில் நான்கு ஜன்னலைத் திறப்பதைவிட எதிரெதிராக இரண்டைத் திறப்பது மேல், காற்றுக்கு நுழைவழியும் வெளிவழியும் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் மாடிப்படிக் கதவோ உயரத்தில் உள்ள வென்டிலேட்டரோ திறந்திருந்தால் அது தானாகவே வெளியேறும். காற்றே அசையாத இரவில், நிற்கும் ஃபேன் ஒன்றை ஜன்னலருகே வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஆமாம், வெளிப்பக்கம்தான். அது அறையின் சூட்டை வெளியே தள்ளும், எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். முதல் தடவை இதைச் செய்தபோது வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

காலையில் வெளிச் சூடு உள்ளே இருப்பதை எட்டும்போது எல்லாவற்றையும் மூடுங்கள். அது ஏழு மணியாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம், கடிகாரத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

படி 3: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது

உள்ளே திரைச்சீலை போட்டால் போதும் என்று நினைக்கிறோம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் திரையைச் சூடாக்கும், சூடான திரை அறையைச் சூடாக்கும். திரை இல்லாததற்கு இது பரவாயில்லை, அவ்வளவுதான். அதே நிழலைக் கண்ணாடிக்கு வெளியே கொடுத்தால் அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். பாய், மூங்கில் தட்டி, தடித்த வெள்ளைத் துணி, ஷேட் நெட், எது கிடைக்கிறதோ அதை ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். இடைவெளி முக்கியம், ஒட்டிப் போட்டால் சூடு அங்கேயே தேங்கி நிற்கும்.

எல்லா ஜன்னலுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். மேற்கு ஜன்னலில் ஆரம்பியுங்கள். மாலை வெயில் சாய்வாக வந்து நேராக அறைக்குள் விழும், அதுவும் காற்று ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில். அடுத்தது கிழக்கு. பிறகு கூரை. கூரைக்கு வெள்ளை நிறப் பூச்சு, சாதாரண வெள்ளைச் சுண்ணாம்பாக இருந்தாலும் சரி, நல்ல பலன் தரும். கறுத்துப்போன தளத்திலும் வெள்ளைத் தளத்திலும் மதியம் ஒரு நிமிடம் கையை வைத்துப் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. தூசு படிந்தால் பலன் குறைந்துவிடும், அவ்வப்போது கழுவ வேண்டும்.

படி 4: உள்ளே நாமே உண்டாக்கும் சூடு

பழைய குண்டு பல்பு எங்காவது மிச்சம் இருந்தால் இன்றே கழற்றுங்கள், அது எடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது. அடுப்பு வேலையை விடிகாலைக்கு மாற்றுங்கள். இஸ்திரி போடுவதும் அப்படியே. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து அறைக்குள்தான் விடுகிறது, அதனால் அதன் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றோட்டத்தோடு இருக்கட்டும், தூசியைத் துடையுங்கள். கதவைத் திறந்து வைத்து முன்னால் உட்கார்ந்தால் அறை குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மோட்டார் ஓடும் சூடும் சேர்ந்து அறை கூடுதலாகத்தான் சூடாகும்.

படி 5: ஃபேனும் ஈரத்துணியும்

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, உங்கள் தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்கி உங்களைக் குளிர்விக்கிறது. யாரும் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் மோட்டார் சூட்டைச் சேர்ப்பதோடு சரி. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: காற்று 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. தோலின் சூடு சுமார் 35 டிகிரி, அதைவிடச் சூடான காற்றை மேலே அடித்தால் என்ன ஆகும்? அந்த மாதிரி நேரத்தில் தோலை நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஆவியாதலின் சக்தியைக் குறைவாக எடை போடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. 650 வாட் ஹீட்டர் ஒன்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடித் தரும் வெப்பத்துக்கு அது சமம். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடுவதும் ஏர்கூலரும் இந்தக் கணக்கில்தான் வேலை செய்கின்றன. ஆனால் வறண்ட வெயிலில் மட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த புழுக்கமான ஊரில் இதைச் செய்தால் அறை இன்னும் கசகசக்கும். உங்கள் ஊர் எந்த ரகம் என்று தெரிய ஒரு வழி, துவைத்த துணி நிழலில் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பாருங்கள்.

ஏசி இருந்தால் 27 டிகிரியில் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஃபேன் காற்றால் 4 டிகிரி குறைந்த மாதிரி இருக்கும்.

படி 6: உடம்பு

வெளி வேலை எல்லாம் காலையில் முடிய வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, அவர்கள் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தால் மட்டும் போதாது, குடித்தார்களா என்று கேட்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். நிறைய வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறையும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இதுதான் வீட்டுக் கரைசலின் அளவு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், தலைவலி, வழிய வழிய வியர்வை, இதெல்லாம் வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்கு வந்து படுங்கள், உடையைத் தளர்த்துங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவ உதவி வேண்டும். ஆள் பேச்சுக் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உடம்பின் சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

சமையலறைப் பக்கம் இரண்டே விஷயம். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள், 32 டிகிரிக்கு மேல் போய்விட்டால் அது ஒரு மணி நேரம்தான். மருந்துப் பெட்டியை ஜன்னல் ஓரத்திலிருந்தும் அடுப்புக்கு மேலிருந்தும் நகர்த்துங்கள். பல மாத்திரைகளுக்கு 25 அல்லது 30 டிகிரிதான் எல்லை, அட்டையில் போட்டிருக்கும். நிறுத்திய காருக்குள் குழந்தையையோ நாயையோ "ஒரு நிமிடம்தானே" என்று விட்டுப் போகாதீர்கள், பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

சரி, இனி தோட்டம்.

படி 7: தண்ணீர்

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சரியாக ஒரு லிட்டர். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வேண்டும் என்பது பொதுவான அளவு, அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். கடுமையான கோடையில் இதற்கு மேலும் தேவைப்படும். பத்து லிட்டர் பூவாளியில் எத்தனை தடவை என்று நீங்களே போட்டுப் பாருங்கள், தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஹோஸை ஆட்டுவது எவ்வளவு குறைவு என்று தெரியும்.

அந்த 25 லிட்டரை ஏழு நாளுக்கும் பங்கு போட்டுத் தெளிக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று தடவையாக, மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். மேலாக மட்டும் நனைத்தால் வேரும் மேலேயே படரும், மண்ணில் முதலில் காய்வதும் கொதிப்பதும் அந்த மேல் இரண்டு அங்குலம்தான். மணல் பாங்கான மண்ணாக இருந்தால் தண்ணீர் நிற்காது, அங்கே சற்று அடிக்கடி ஊற்றத்தான் வேண்டும். நாற்றுகளுக்கும் அப்படியே, அவற்றுக்கு இன்னும் ஆழமான வேர் இல்லை.

எப்போது? விடிகாலையில். மண் குளிர்ந்திருக்கும், காற்று குறைவு, பகல் ஆரம்பிக்கும் முன்பே செடி வயிறு நிறையக் குடித்துவிடும். மாலையும் பரவாயில்லை, ஆனால் இலையெல்லாம் இரவு முழுக்க ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும், நத்தை வரும். அதனால் மாலையில் ஊற்றுவதாக இருந்தால் வேர்ப்பக்கம் மட்டும்.

மதியம் இலை மேல் தண்ணீர்த்துளி பட்டால் அது லென்ஸ் மாதிரி வேலை செய்து இலையைப் பொசுக்கும் என்று நானும் ரொம்ப காலம் நம்பினேன். 2010-இல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வழவழப்பான இலையில் கண்ணாடிக் குண்டுமணி வைத்தால் பொசுங்கியது, தண்ணீர்த்துளி வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. துளியை இலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடிக்கும் மயிர்கள் கொண்ட இலைகளில் மட்டும் அப்படி ஆக வாய்ப்பு உண்டு. ஆகவே மதியம் ஊற்றக்கூடாது என்பதற்கு உண்மையான காரணம் பொசுங்குவதல்ல, ஊற்றுவதில் ஒரு பங்கு வீணாகப் போவதுதான். செடி நிஜமாகவே காய்ந்து கிடந்தால் எந்த நேரமானாலும் ஊற்றுங்கள்.

நிஜமாகவே காய்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நான் எத்தனையோ செடிகளைக் கொன்றிருக்கிறேன். மதியம் இலை தொங்குவது தாகத்தின் அடையாளமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். பூசணி, வெள்ளரி மாதிரி அகல இலைச் செடிகள் நல்ல ஈர மண்ணிலும் மதியம் நாடகம் போடும். மாலையில் தானே நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். மறுநாள் காலையிலும் தொங்கியபடி இருந்தால் அது அவசரம். அப்போதும் உடனே ஊற்றாமல் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று ஈரம் இருந்தும் செடி வாடுகிறது என்றால் பெரும்பாலும் வேர் அழுகுகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றினால் சாவை வேகப்படுத்துவீர்கள்.

ஹோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். முதலில் வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஆற வையுங்கள், செடி மேலோ குழந்தை மேலோ அடிக்க வேண்டாம்.

துணி துவைத்த, குளித்த தண்ணீரை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் விடலாம், ஆனால் அன்றே விட்டுவிட வேண்டும், சேமித்து வைத்தால் நாறும். ப்ளீச் கலந்தது வேண்டாம். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கிழங்கு வகைகளுக்கும் வேண்டாம்.

படி 8: மூடாக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், காய்ந்த புல், மரச் சீவல், எது இருந்தாலும் மண் மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். வெட்டாந்தரையாகக் கிடக்கும் மண்ணையும் மூடாக்கு போட்ட மண்ணையும் ஒரே மதியத்தில் தொட்டுப் பாருங்கள், ஒன்றில் கை வைக்க முடியாது, இன்னொன்றில் மண்புழு இருக்கும். களையும் குறையும்.

பரப்பும் முன் மண்ணை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண் மேல் மூடாக்கு போட்டால் ஊற்றும் தண்ணீரை மூடாக்கே குடித்துவிட்டு மண்ணுக்குக் கொடுக்காது. தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். பச்சைப் புல்லை அப்படியே கனமாகப் போடாதீர்கள், அது வெந்து சூடாகிக் கொழகொழத்துப் போகும், மெல்லியதாகப் போட்டு அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு.

படி 9: தொட்டிச் செடிகள்

தரையில் உள்ள செடிக்கு ஆழத்தில் குளிர்ந்த மண் இருக்கிறது, தொட்டிச் செடிக்கு நான்கு பக்கமும் வெயில். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வெயில் படும் பக்கத்து வேர்கள் வெந்தே போகும். மண்தொட்டி சுவர் வழியாக ஆவியாவதால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காயும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்: தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள், பெரிய தொட்டிகள் வெயில் பக்கம், சின்னவை அவற்றின் நிழலில். காங்க்ரீட் தரையிலிருந்து பலகையோ செங்கலோ வைத்துத் தூக்குங்கள். சின்னத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் காய்ந்த இலையைத் திணித்தால் இன்னும் நல்லது.

கோகோபீட் (தென்னைநார்த் தூள்) கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது. நீங்கள் ஊற்றுவது தொட்டியின் ஓரமாக வழிந்து கீழே ஓட்டை வழியே வந்துவிடும், நீங்களும் "அப்பாடா, நிறைந்துவிட்டது" என்று போய்விடுவீர்கள், வேர்ப்பந்து நடுவில் பொடியாகக் கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், இறகு மாதிரி லேசாக இருந்தால் இதுதான். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அப்படியே அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு, எடுத்து வடிய விடுங்கள். கடும் கோடையில் சின்னத் தொட்டிகளுக்குக் காலை, மாலை இரு வேளையும் தேவைப்படலாம்.

பெரிய தொட்டிக்கும் பாத்திக்கும் பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைப்பது அருமையான ஏற்பாடு. பானைச் சுவர் வழியாக மண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கசியும். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே சீன வேளாண் நூல் ஒன்றில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. பானையின் அடியில் ஓட்டை இருக்கக்கூடாது, மூடி கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் கொசுப்பண்ணை.

படி 10: நிழல்

காய்கறிகளுக்கு 30 முதல் 50 சதவீதம் வரை நிழல் தரும் வலை போதும், அதற்கு மேல் போனால் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து காய்க்காது. செடியைத் தொடாத உயரத்தில், பக்கவாட்டில் காற்றுப் போகும்படி கட்டுங்கள். முக்கியமாக மேற்குப் பக்கத்தை மறையுங்கள். வலை இல்லையா, பழைய வெள்ளை வேட்டியோ போர்வையோ கூட மதியம் மட்டும் கட்டலாம்.

தக்காளி வைத்திருப்பவர்கள் கோடையில் ரொம்ப நொந்துபோவார்கள். பகல் 35 டிகிரியை ஒட்டியும் இரவு 24-க்கு மேலும் இருந்தால் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரும், அது உங்கள் தப்பில்லை, உரம் போட்டும் சரியாகாது. 30 டிகிரிக்கு மேல் பழத்தில் சிவப்பு நிறமி உண்டாவதும் குறையும், மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் நின்றுவிடும். லேசாக நிறம் மாறியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அங்கே பழுக்கும். காயின் அடிப்பாகம் கறுத்துப் போனால் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் ஒழுங்கில்லாமல் போனதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கொத்தமல்லியும் சில கீரைகளும் வெயில் ஏறியதும் இலையை விட்டுவிட்டுப் பூக்கப் போய்விடும், அதை எதிர்த்துப் போராடாமல் விதைக்கு விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

படி 11: கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய இடங்கள்

வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் உரம் போடாதீர்கள், வேருக்குத் தண்ணீரே கிடைக்காதபோது உப்புச்சத்து சேர்ந்தால் கருகும். நாற்று மாற்றி நடாதீர்கள், வேறு வழியே இல்லை என்றால் மாலையில் நட்டு ஒரு வாரம் நிழல் கட்டுங்கள். கவாத்து வேண்டாம். அசிங்கமாகத் தெரியும் கருகின இலைகளைக்கூட விட்டு வையுங்கள், கீழே இருக்கும் பச்சை இலைக்கு அவைதான் குடை. புல்தரை இருந்தால் 7, 8 சென்டிமீட்டர் உயரமாக விட்டு வெட்டுங்கள். பழுப்பாகிவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது உறக்கம்.

படி 12: செம்பேன், கொசு, பறவை

வறண்ட சூட்டில் செம்பேன், அதாவது இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சின்னப் பூச்சி, பெருகும். இலை மேல் ஊசி குத்தியது மாதிரி வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. விடிகாலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், சில நாட்கள் விடாமல் செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

தொட்டித் தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கோடையில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

பறவைகளுக்கு வைக்கும் கிண்ணம் ஆழமில்லாமல், இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் தேனீக்களும் விழுந்து சாகாமல் உட்கார்ந்து குடிக்கும். தண்ணீரை தினமும் மாற்றுங்கள்.

படி 13: காலிப் பாத்தியை வெயிலுக்கே கொடுத்துவிடுவது

செடி இல்லாத பாத்தி இருந்தால் கோடை அதற்கு ஒரு வரம். மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, ஒரு அடி ஆழம் நனையும்படி தண்ணீர் விட்டு, மெல்லிய பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்டினாற்போல விரித்து ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். நிறமற்ற, கண்ணாடி மாதிரி தெரியும் ஷீட்தான் வேண்டும். கறுப்பு ஷீட் வெயிலைத் தானே விழுங்கிவிடும், மண்ணுக்குக் குறைவாகத்தான் போகும். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே விட்டால் களை விதைகளும் வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சைகள் பலவும் வெந்து போகும். 1976-இல் இஸ்ரேலில் கட்டான் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இதை முறையாகச் சோதித்து எழுதிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. ஷீட்டை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீர்கள், கீழே தப்பித்த விதைகளை நீங்களே மேலே கொண்டு வந்துவிடுவீர்கள்.

படி 14: நாலைந்து நாள் வீட்டில் இல்லை என்றால்

கிளம்பும் அன்று காலையில் எல்லாத் தொட்டிகளையும் வாளியில் அமிழ்த்தி எடுத்து, வெளிச்சம் உள்ள ஆனால் வெயில் விழாத மூலையில் நெருக்கி வையுங்கள். மேலே மூடாக்கு. பறிக்கும் பருவத்தில் உள்ள காய், பூ எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், செடிக்குச் செலவு குறையும். பெரிய தொட்டிகளில் மூடியில் சின்னத் துளை போட்ட பாட்டிலைத் தலைகீழாகச் செருகலாம், ஆனால் போகும் முன் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள், என் முதல் பாட்டில் அரை மணி நேரத்தில் காலியானது. பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால் எந்தெந்தத் தொட்டிக்கு எத்தனை குவளை என்று எழுதிக் கொடுங்கள். அன்பு மிகுதியால் அழுகிப்போன செடிகள் எனக்கு உண்டு.

படி 15: வெக்கை தணியும்போது

வானம் மாறியதும் நிழல்வலையை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். மேகமூட்டமான நாளாகப் பார்த்து எடுங்கள், அல்லது முதல் நாலைந்து நாள் காலையில் மட்டும் திறந்துவிடுங்கள், நிழலில் வளர்ந்த இலைக்குச் சாதாரண வெயிலும் பொசுக்கும். புதுத் துளிர் வந்த பிறகுதான் உரம், அதுவும் பாதி அளவில். கருகின இலைகளை இப்போது வெட்டலாம். முழுக்கக் காய்ந்த மாதிரி நிற்கும் குச்சியைப் பிடுங்கும் முன் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, அளவாகத் தண்ணீர் விட்டு மூன்று வாரம் பொறுங்கள். மேல்குச்சியில் பழுப்பு என்றால் இன்னும் கீழே சுரண்டிப் பாருங்கள். போன வருடம் நான் குப்பைக்குப் போடத் தொட்டியோடு தூக்கி வைத்த செம்பருத்தி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் துளிர்த்தது.